கணினியில் ஒத்திகை, மாடியில் அரங்கேற்றம்

ஒத்திகை பாராமல் எவரும் மேடை ஏறுவதில்லை. நாடகமானாலும் நாட்டியமானாலும் தவறுகளையெல்லாம் ஒத்திகையிலேயே செய்து, அங்கேயே திருத்திக்கொள்வதுதான் முறை. இன்றைய பொறியியல் உலகமும் இம்முறையையே கைக்கொண்டிருக்கிறது. பாலம் கட்டுமுன், விமானம் பறக்குமுன், விண்கலம் கிளம்புமுன் அனைத்தையும் கணினிக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுகிறார்கள். அவ்வாறு ஒத்திகை பார்க்கப்படும் பொருள்களுள் நம் கண்ணில் அதிகம் படாத ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். அதுதான் ஆன்டெனா.

நம் பாட்டிமார் அதனை ‘ஏரியல்’ என்பார்கள். கம்பியில் ஓடும் மின்சாரத்தை அலையாக்கி வெளியில் விடுவதும், வெளியில் வரும் அலையைப் பிடித்து மீண்டும் மின்சாரமாக்குவதும் அதன் வேலை. வானொலிக்கு மட்டுமன்று, கைபேசிக்கும், காவல்துறையின் கம்பியில்லாக் கருவிக்கும், செயற்கைக்கோளுக்கும் அது காதும் வாயும் போன்றது. காதும் வாயும் செம்மையாக இல்லாவிட்டால் மூளை எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்?

ஆன்டெனாவின் வடிவத்தைக் கணினியில் சோதித்துச் சீர்செய்யும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை நம் பள்ளியின் கணினி அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கருத்தின் ஒரு பாதி. அதோடு நின்றுவிடாமல், கணினி சொன்னபடி கம்பியை வெட்டி மாடியில் கட்டி, அது சொன்னது மெய்தானா என்று அளந்து பார்க்கவும் வேண்டும் என்பது மறுபாதி. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது வீண் என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

கம்பியும் கணக்கும்

முதலில் ஓர் எளிய கணக்கு. கோடைக்கானல் மலையிலிருந்து அகில இந்திய வானொலியின் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதாவது அலை ஒரு நொடிக்குப் பத்துக் கோடியே ஐந்து லட்சம் முறை அதிர்கிறது. வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் சுமார் 2.98 மீட்டர் என்று கிடைக்கும். அதில் பாதி 1.49 மீட்டர். அரை அலை நீளமுள்ள கம்பியை நடுவில் வெட்டி, அவ்விரு முனைகளிலிருந்து கேபிளை எடுத்தால் அதுவே ‘டைபோல்’ என்னும் இருமுனை ஆன்டெனா.

ஆனால் 1.49 மீட்டருக்கே வெட்டினால் கம்பி சற்று நீளமாகப் போய்விடும். கம்பிக்குத் தடிமன் உண்டு. அதன் முனைகளிலும் சில விளைவுகள் உண்டு. ஆகவே ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து 1.42 மீட்டர், அதாவது பக்கத்திற்கு 71 சென்டிமீட்டர் என்று வைப்பது வழக்கம். திறந்த வெளியில் இத்தகைய ஆன்டெனாவின் மின் எதிர்ப்பு சுமார் 73 ஓம். தொலைக்காட்சிக் கேபிளின் எண் 75 ஓம். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பதால் அலை தடையின்றிக் கேபிளுக்குள் இறங்குகிறது. ஒவ்வாத கேபிளை இணைத்தால் வந்த அலையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும்.

இதுவரை எல்லாம் எளிது. ஆனால் இந்தக் கம்பியின் கீழே ஒரு சாண் தூரத்தில் தகரக் கூரை இருந்தால்? 73 ஓம் என்ற எண் வெகுவாகக் குறைந்துவிடும். பக்கத்தில் துணி காயவைக்கும் கம்பி இருந்தால்? தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாய் இருந்தால்? ஒவ்வொன்றிலும் சிறிது மின்சாரம் தூண்டப்படும். அதுவும் ஓர் ஆன்டெனாவாகிப் புதிய அலைகளை விடும். எல்லாம் ஒன்றையொன்று பாதிக்கும். இங்கேதான் காகிதமும் பென்சிலும் கை விரித்துவிடுகின்றன.

முன்னோர் பட்ட பாடு

கணினி இல்லாத நாளில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? கையால் செய்து, அளந்து, மாற்றி, மீண்டும் அளந்து! நம் வீட்டு மாடிகளில் ஒரு காலத்தில் மீன் முள்ளைப் போல நின்ற தொலைக்காட்சி ஆன்டெனாவை அறியாதவர் உண்டோ? அதன் பெயர் யாகி-உடா. ஜப்பான் நாட்டின் செண்டாய் நகரில், தோஹோக்கு பல்கலைக்கழகத்தில், ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926இல் உலகிற்கு அளித்தது அது. ஒரு கம்பிக்கு முன்னும் பின்னும் மின் இணைப்பே இல்லாத வேறு கம்பிகளை நிறுத்தினால் அலை ஒரு திசையில் குவிகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. எத்தனை கம்பி, எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தியே அறிய வேண்டியிருந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே இதைவிடப் பெரியதொரு சாதனை உண்டு. உதகைக்கு அருகே முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கிதான் அது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இந்தியப் பொறியாளர்கள் அமைத்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அதன் குவிகோட்டில் 1,056 டைபோல்கள் வரிசையாக நிற்கின்றன, 326.5 மெகாஹெர்ட்ஸில் அவை வானத்தைக் கேட்கின்றன.

அவர்கள் செய்த கூர்மையான வேலை இடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான். உதகையின் அட்சரேகை சுமார் 11 பாகை. வடக்குத் தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அச்சரிவில் படுத்திருக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஆகையால் ஒரே திசையில் மெல்லச் சுழற்றினாலே ஒரு விண்மீனைப் பல மணி நேரம் தொடரலாம். நிலத்தின் சாய்வையே கருவியின் ஓர் உறுப்பாக்கிய மதிநுட்பத்தை என்னென்று சொல்வது! நிலத்தை அறிவதும் ஆன்டெனாக் கலையின் ஒரு பகுதி என்பதை இங்கே மனத்தில் பதித்துக்கொள்வோம். பின்னால் இது தேவைப்படும்.

புள்ளி வைத்துக் கோலமிடும் கணினி

இனி மென்பொருளுக்கு வருவோம். அது என்ன மாயம் செய்கிறது? மாயம் ஏதுமில்லை. நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று மாறிகளுக்கு மூன்று சமன்பாடுகள் எழுதித் தீர்க்கிறோம் அல்லவா? அதன் பெரிய வடிவமே இது. கம்பியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம், 21 துண்டுகள் என்று. ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்சாரம் நமக்குத் தெரியாத எண். ஒரு துண்டின் மின்சாரம் மற்றெல்லாத் துண்டுகளையும் எவ்வளவு பாதிக்கும் என்பதை மாக்ஸ்வெல்லின் விதிகள் சொல்கின்றன. ஆக 21 தெரியாத எண்கள், 21 சமன்பாடுகள். நம்மால் ஒரு வாரத்திலும் தீர்க்க முடியாததைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்த்துவிடுகிறது. மின்சாரம் தெரிந்துவிட்டால் அலை எந்தத் திசையில் எவ்வளவு செல்லும், கேபிளுக்கு ஒத்துவருமா என்பனவெல்லாம் தாமே கிடைத்துவிடும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பர்க், போகியோ ஆகிய இருவர் எழுதி 1981இல் வெளிவந்த ‘என்.ஈ.சி.-2’ என்னும் நிரல் இவ்வகையில் புகழ்பெற்றது. அந்நாளில் கணினிக்குத் துளையிட்ட அட்டைகள் வாயிலாகவே செய்தி தரப்பட்டது. அட்டைகள் மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அந்நிரலில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இன்றும் ‘அட்டை’ என்றே பெயர்! அதனை அடிப்படையாகக் கொண்ட இலவச மென்பொருள்கள் சாதாரணக் கணினியிலேயே நன்றாக ஓடும்.

கம்பிக்குத் துண்டுகள் போதும். ஆனால் தகடு, வளைந்த பரப்பு, விமானத்தின் உடல் போன்றவற்றிற்கு? அங்கே பரப்பு முழுவதையும் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறார்கள். வாசலில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்துக் கோலமிடுவது போன்றதே இது. புள்ளி நெருக்கமானால் வடிவம் துல்லியமாகும், வேலையும் கூடும். இம்முக்கோணங்களில் மின்சாரத்தை எழுதிக் காட்டும் முறையை 1982இல் வெளியிட்ட மூவருள் முதற்பெயர் சதாசிவ ராவ் என்னும் இந்தியருடையது. ஐதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று, பின் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். ராவ், வில்டன், கிளிசன் என்னும் அம்மூவரின் பெயரால் வழங்கும் அம்முறையை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஒத்திகையின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2006 மார்ச்சில் அமெரிக்காவின் நாசா மூன்று சிறு செயற்கைக்கோள்களை ஏவியது. அவற்றில் இருந்த ஒரு சிறிய ஆன்டெனாவின் வடிவத்தை மனிதர் வரையவில்லை. கணினியே ஏராளமான வடிவங்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஒத்திகை பார்த்து, நல்லவற்றைக் கலந்து, அல்லவற்றைத் தள்ளி, கடைசியில் தாறுமாறாக வளைத்த காகித ஊக்கு போன்ற ஒன்றைக் கொடுத்தது. செயற்கைக்கோளின் பாதை இடையில் மாற்றப்பட்டபோது சில வாரங்களிலேயே புதிய வடிவத்தையும் தந்தது. ஆனால் அவ்வறிஞர்கள் கணினியின் சொல்லை அப்படியே நம்பி அதை விண்ணுக்கு அனுப்பிவிடவில்லை. செய்து பார்த்தார்கள், அளந்து பார்த்தார்கள், பிறகே அனுப்பினார்கள்.

ஏட்டுச் சுரைக்காய்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் பழமொழி. கணினிச் சுரைக்காயும் அப்படித்தான். நாம் சொன்னதை மட்டுமே அது அறியும். கூரையில் தகரம் இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால் அது ஓட்டுக்கூரை என்றே எண்ணிக் கணக்குப் போடும். ஐப்பசி மழையில் நனைந்த மண்ணும் பங்குனி வெயிலில் வெடித்த மண்ணும் அலைகளை ஒன்றுபோலத் திருப்புவதில்லை. எந்த மண் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நம் அண்டை மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி மிக அழகிய சான்று. பேரண்டத்தில் முதல் விண்மீன்கள் பிறந்த காலத்தின் மெல்லிய வானொலிச் சுவட்டைக் கண்டுவிட்டோம் என்று, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு ஆன்டெனாவை நிறுவி ஆராய்ந்த குழுவொன்று 2018இல் அறிவித்தது. உலகமே வியந்தது. மெய்யானால் இயற்பியலையே புரட்டிப்போடும் செய்தி! பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தினர் ‘சரஸ்’ என்னும் தங்கள் கருவியால் இதைச் சோதிக்க முற்பட்டனர். ஆன்டெனாவைக் கணினியில் எவ்வளவு துல்லியமாக வடித்தாலும் ஒரு தொல்லை நின்றது. கீழே இருக்கும் மண்! மண்ணுக்குள் கல் எங்கே, ஈரம் எங்கே, எந்த ஆழத்தில் எந்த அடுக்கு என்று யாரால் சொல்ல முடியும்? அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலை, தேடும் சுவட்டைப் போலவே வேடமிட்டு ஏமாற்றிவிடக் கூடும்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆன்டெனாவை ஏரியில் மிதக்கவிட்டார்கள்! தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையுடையது. அதைக் கணக்கில் எழுதுவது எளிது. கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி ஆற்றின் தேங்குநீரிலும் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கருவி மிதந்தது. அந்தச் சுவடு அங்கே தென்படவில்லை. ஆஸ்திரேலியாவில் கண்டதாகச் சொல்லப்பட்டது விண்ணிலிருந்து வந்ததாக இருக்க இயலாது என்று 95.3 விழுக்காடு உறுதியுடன் 2022இல் அறிவித்தார்கள். கணக்கு உலகத்தைப் போல இல்லாவிட்டால், கணக்குக்கு ஒத்த உலகத்தைத் தேடிப் போவதும் அறிவே என்று காட்டினார்கள். உதகையின் சரிவைத் தேர்ந்தவர்களும் கர்நாடகத்தின் ஏரியைத் தேர்ந்தவர்களும் ஒரே பாடத்தையே நமக்குச் சொல்கிறார்கள்.

மாடி ஏறியவர் யார்?

இந்த இடத்தில் பெற்றோரிடமும் எங்கள் தோழியரிடமும் ஒரு கேள்வி. தொலைக்காட்சி வந்த புதிதில் படம் மங்கினால் வீட்டில் மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பியவர் யார்? அண்ணனோ தம்பியோதான். அக்காவும் தங்கையும் கீழே நின்று, “இப்பத் தெரியுது… இல்ல, போயிடுச்சு… அங்கேயே வை!” என்று குரல் கொடுத்தார்கள். மேலே ஏறியவனுக்குப் பொறியாளர் என்ற பெருமை. கீழே நின்றவளுக்கு ஒன்றுமில்லை. உண்மையில் அளவை எடுத்தவள் அவளே அன்றோ! அவள் குரல் இல்லாமல் அவன் எந்தத் திசையில் நிறுத்துவான்?

கம்பியும் மாடியும் பெண்களுக்கு ஒவ்வாதவை என்ற எண்ணம் முழுதும் நீங்கிவிட்டதென்று எங்களால் சொல்ல முடியவில்லை. கணினி அறைக்குப் போவதைத் தடுப்பாரில்லை. மாடிக்குப் போனால்தான் ‘உனக்கு எதற்கு?’ என்கிறார்கள். பாதி வேலையை மட்டும் கற்றவள் எப்படி முழுப் பொறியாளர் ஆவாள்?

1922இல் பிறந்த ராஜேஸ்வரி சட்டர்ஜி இக்கேள்விக்கு என்றோ விடை தந்துவிட்டார். கர்நாடகத்தின் முதல் பெண் பொறியாளர் என்று போற்றப்படும் அவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1953இல் முனைவர் பட்டம் பெற்றார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆன்டெனாவும் நுண்ணலையும் கற்பித்து 1982இல் ஓய்வு பெற்றார். ஆன்டெனாவைப் பற்றிப் பாடநூலும் எழுதினார். 2004 டிசம்பரில் அந்தமானின் போர்ட் பிளேயரில் பொழுதுபோக்கு வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் அறுந்தபோது அவரும் அவருடைய குழுவினரும் தம் வானொலியின் மூலம் தீவுகளின் செய்தியை வெளியுலகிற்குக் கொண்டு சேர்த்தார்கள். எத்தனை குடும்பங்கள் அச்செய்திக்காகக் காத்திருந்திருக்கும்! 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் கைபட்ட ‘ஆசாதிசாட்’ 2022இல் சுற்றுப்பாதையை அடையவில்லை. ஆயினும் மனம் தளராமல் மீண்டும் செய்யப்பட்ட இரண்டாவது, 2023 பிப்ரவரி 10 அன்று விண்ணேறிற்று.

பழனியில் நாம் செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. ஒரு கணினியில் இலவச மென்பொருள், பத்து மீட்டர் செம்புக் கம்பி, தொலைக்காட்சிக் கேபிள் சிறிது, இரண்டு மூங்கில், ஒரு பண்பலை வானொலிப் பெட்டி. இவை போதும்.

முதலில் 71 சென்டிமீட்டர் கணக்கைக் கணினியில் போடுவோம். பிறகு கூரையின் உயரத்தை மாற்றி, பக்கத்தில் ஒரு கம்பியைச் சேர்த்து, யாகி-உடாவைப் போல முன்னும் பின்னும் கம்பி நிறுத்தி, என்ன நேருகிறதென்று பார்ப்போம். கணினியில் கம்பி வீணாவதில்லை, கை வெட்டுப்படுவதில்லை, நூறு முறை தவறலாம். அதன்பின் ஒன்றே ஒன்றை உண்மையாகச் செய்வோம். படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துக் கேட்போம். கணினி சொன்னதும் காது சொன்னதும் எங்கே மாறுபடுகின்றன என்று எழுதி வைப்போம். மாறுபடும் இடத்தில்தான் நாம் புதிதாக ஒன்றைக் கற்கிறோம்.

பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் நிழல் விழும். நம் ஊரோ மலையடிவாரத்து ஊர். ஆயக்குடியிலிருந்தும் நெய்க்காரப்பட்டியிலிருந்தும் பாலசமுத்திரத்திலிருந்தும் நம் பள்ளிக்கு மாணவியர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒலி எப்படி என்று ஒரே வகை ஆன்டெனாவால் குறித்து வந்தால், பழனி வட்டாரத்தின் ஒலி வரைபடம் ஒன்றையே நாம் தயாரித்துவிடலாம். இது தேர்வுக்கு வருமா என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு சொல்: அலைநீளமும், ஒருங்கமைச் சமன்பாடும், மின் எதிர்ப்பும் பாடத்தில் உள்ளவையே. மனப்பாடம் செய்தால் மறக்கும். கையால் செய்தால் மறக்காது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். மின்வாரியக் கம்பிகளின் அருகே ஆன்டெனாவைக் கொண்டுபோகவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் மாடிப் பக்கம் போகக் கூடாது. ஆசிரியையின் துணையின்றி எவரும் மாடி ஏறக் கூடாது. நாம் செய்ய விரும்புவது கேட்கும் ஆன்டெனா மட்டுமே. ஒலிபரப்ப வேண்டுமானால் அரசின் உரிமம் தேவை. அதற்கான தேர்வை 12 வயது நிறைந்தவர் எழுதலாம். நம்முள் சிலரேனும் அத்தேர்வை எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் லட்சக்கணக்கானோர் கூடும் ஊர் இது. அந்நாட்களில் கைபேசிகள் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோம். கூட்டத்தில் தொலைந்த குழந்தையைப் பற்றி ஒரு செய்தி அனுப்பத் தெரிந்த பெண்கள் பத்துப் பேர் ஊரில் இருப்பது சிறிய காரியமா?

பள்ளி நிர்வாகத்தினருக்கும் பெற்றோருக்கும் எங்கள் வேண்டுகோள் இதுவே. வரும் கல்வியாண்டில் வாரம் ஒரு பாடவேளை கணினி அறையை இதற்குத் திறந்துவிடுங்கள். மாதம் ஒருநாள் மாடிக் கதவின் சாவியையும் கொடுங்கள். மேலே ஒருத்தி கம்பியைத் திருப்பட்டும். கீழே ஒருத்தி கேட்டுக் குறிக்கட்டும். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறட்டும். அடுத்த ஆண்டு மலரில் எங்கள் கருத்துக்குப் பதிலாகப் பழனியின் ஒலி வரைபடத்தை அச்சிட்டுத் தருகிறோம்.